கொலியூரின் ஜன்னல்கள்

பிரனீஸ் மலைத்தொடர் மத்தியதரைக் கடலில் இறங்கும் இடத்தில், ஸ்பெயின் எல்லைக்குச் சற்று வடக்கே இருக்கும் பிரெஞ்சுச் சிற்றூர் கொலியூர். பெரும்பாலானோர் அங்கே ஓவியங்களைத் தேடிப் போகிறார்கள். 1905ஆம் ஆண்டுக் கோடையில் மத்தீஸும் தெரெய்னும் இங்கே தங்கி வரைந்த படங்கள்தான் நவீன ஓவியத்தில் நிறத்துக்கு விடுதலை கொடுத்தன. திறந்த ஜன்னல் வழியே தெரியும் படகுகளை மத்தீஸ் இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் தீட்டியதும் அப்போதுதான். நான் போனதோ அந்தோனியோ மச்சாதோ என்ற ஸ்பானியக் கவிஞரின் கல்லறையைப் பார்ப்பதற்காக.

ஊரின் நடுவே, கடலை ஒட்டி நிற்கிறது அரச கோட்டை. மயோர்க்கா அரசர்கள் விரிவாகக் கட்டிய அதை, 1659இல் பிரனீஸ் உடன்படிக்கையின்படி இந்த ஊர் அடங்கிய ரூசியோன் பகுதி ஸ்பெயினிடமிருந்து பிரான்சுக்கு வந்த பிறகு, வோபான் என்ற படைப் பொறியாளர் மேலும் வலுப்படுத்தினார். கோட்டையைச் சுற்றி வெட்டவெளி வேண்டும் என்பதற்காகப் பழைய ஊரையும் அதன் தேவாலயத்தையும் இடித்தார்கள். இன்று எல்லோரும் படமெடுக்கும் கடலோரத் தேவாலயம் 1684க்கும் 1691க்கும் இடையில் அதற்கு ஈடாக எழுந்தது. அதன் மணிக்கூண்டு முன்பு கலங்கரை விளக்கமாக இருந்தது. உப்பிட்ட நெத்திலிதான் ஊரின் பழைய பிழைப்பு. மீன்பிடிப் படகுகள் அருகிவிட்டாலும் நெத்திலியை உப்பில் பதப்படுத்தும் தொழில் இன்னும் நடக்கிறது.

ஸ்பானிய உள்நாட்டுப் போரில், 1939 ஜனவரி 26 அன்று பார்சலோனா, குடியரசை எதிர்த்த தளபதி பிராங்கோவின் படையிடம் வீழ்ந்ததும், ஏறத்தாழ 5,00,000 பேர் குளிரில் எல்லையைக் கடந்து பிரான்சுக்குள் வந்தார்கள். 63 வயது மச்சாதோவும், 84 வயதான அவருடைய தாய் அனா ரூயிஸும், தம்பி ஹோசேயும், தம்பி மனைவியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கையெழுத்துப் பிரதிகள் இருந்த பெட்டி வழியிலேயே போய்விட்டது. ஜனவரி 28 அன்று கொலியூரில் ஒரு சிறு விடுதியில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. மாற்றிக்கொள்ளச் சட்டையில்லாததால் அண்ணனும் தம்பியும் ஒருவர் பின் ஒருவராகத்தான் உணவுக்கு இறங்கி வந்தார்கள் என்று அப்போது அவர்களைக் கண்டவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

ஒருநாள் தம்பியோடு கடற்கரைக்குப் போன மச்சாதோ, எளிய மீனவர் வீடுகளைக் காட்டி, அந்த ஜன்னல்களில் ஒன்றின் பின்னால் கவலையின்றி வாழ முடிந்தால் எப்படியிருக்கும் என்று சொன்னதாக ஹோசே எழுதியிருக்கிறார். மத்தீஸ் ஜன்னலுக்குள் நின்று கடலைப் பார்த்தார். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் இவர் வெளியே நின்று ஜன்னலைப் பார்த்தார். இந்த ஊரை நினைத்தால் எனக்கு இரண்டாவது ஜன்னலே முதலில் மனதில் வருகிறது.

பிப்ரவரி 22 அன்று மச்சாதோ இறந்தார். மூன்று நாள் கழித்துத் தாயும் போனார். ஸ்பானியக் குடியரசின் கொடி போர்த்திய கவிஞரின் சவப்பெட்டியைக் குடியரசுப் படைவீரர்கள் ஆறு பேர் சுமந்தார்கள். அடுத்த மாதமே அதே கோட்டை, ஆபத்தானவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட குடியரசு வீரர்களைக் கடுமையாக அடைத்துவைக்கும் முகாமாயிற்று. அடைக்கலம் தேடி வந்தவர்களைச் சிறை வைத்த அந்தச் சுவர்களைப் படகுத்துறையிலிருந்து அழகு என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

தாயும் மகனும் இப்போது ஒரே கல்லறையில் இருக்கிறார்கள். அதனருகே ஒரு தபால்பெட்டி இருக்கிறது. வருகிறவர்கள் கவிஞருக்குக் கடிதம் எழுதி அதில் போட்டுவிட்டுப் போகிறார்கள்.