கிடை போட்ட தரிசில் முளைத்தவை: மூன்றாண்டுக் குறிப்பு

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையே எங்களுக்குள்ள மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தில், முண்டு மிளகாய் போடும் பாதி போக மீதி பல ஆண்டுகளாகத் தரிசாகவே கிடந்தது. 2022 கோடையில், அந்தத் தரிசில் இந்த மண்ணுக்குரிய மரஞ்செடிகளை மீட்டுப் பார்க்கலாம் என்று இறங்கினேன். ஊர் ஆடுமாடுகள் அங்கே மேய்வதை நிறுத்தக்கூடாது என்பது மட்டும் எனக்கு நானே போட்டுக்கொண்ட நிபந்தனை.

முதலில் தரிசில் மண்டியிருந்த சீமைக்கருவேலத்தை முழங்கால் உயரத்தில் வெட்டினோம். மழை விழுந்ததும் தூர் ஒவ்வொன்றிலும் ஏழெட்டுக் கிளைகள் வெடித்தன. மறு ஆண்டு, மண்ணுக்குக் கீழே ஒரு சாண் தோண்டி வேர்த்தலையோடு பெயர்த்தபோதுதான் தழைப்பது நின்றது. பொக்லைன் வைத்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். ஆனால் இடையிடையே நின்ற சங்கஞ்செடியும் இலந்தையும், அவற்றின் அடியில் இருந்த உடும்பு வளையும் சேர்ந்தே போயிருக்கும் என்பதால், கடப்பாறையோடு இரண்டு ஆட்கள் பதினோரு நாள் பாடுபட்டார்கள். விறகு கரிமூட்டத்துக்குப் போனதில் கூலியில் பெரும்பகுதி தேறியது. எங்கள் பக்கத்தில் இந்த மரத்தை வைத்துப் பிழைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால், அதை வெறுமனே திட்டித் தீர்க்க எனக்கு மனம் வருவதில்லை.

பெரிய தவறு அதன்பிறகு நடந்தது. எருவுக்காக 2023 ஆவணியில் ஆட்டுக்கிடை போட்டேன், அதாவது இரவில் ஆடுகளை நிலத்திலேயே அடைத்து வைத்தேன். ஐப்பசி மழைக்குப் பின் பார்த்தால், கிடை போட்ட இடம் முழுவதும் சீமைக்கருவேல நாற்றங்கால் போலப் பச்சையாக இருந்தது. ஈரத்தில் ஊறிய புழுக்கை ஒன்றைப் பிட்டுப் பார்த்தேன். உள்ளே விதை சிதையாமல் இருந்தது, அதன் நுனியில் வெள்ளை வேர் எட்டிப்பார்த்தது. "நெத்து தின்ன ஆட்டை அன்னைக்கே கிடையில அடைச்சா வேற என்ன தம்பி முளைக்கும்?" என்று கேட்டுச் சிரித்தார் ஆடு மேய்க்கும் கீதாரி. நெத்து என்று அவர் சொன்னது சீமைக்கருவேலத்தின் முற்றிய காயை. மண் ஈரமாக இருந்த இரண்டு வாரங்களுக்குள் அத்தனையையும் கையாலேயே பிடுங்கினோம். காய்ந்திருந்தால் வேர் வந்திருக்காது.

அவர் சிரித்தது எனக்கு ஒரு வழியையும் காட்டியது. மறு ஆண்டு, சீமைக்கருவேல நெற்று கிடைக்காத பக்கமாகச் சில நாட்கள் ஆடுகளை ஓட்டி, இந்த மண்ணின் முள்மரமான உடைமரத்தின் சுருண்ட நெற்றுகளைத் தின்னவிட்டு, அதன்பிறகு கிடை போடச் சொன்னேன். கார்த்திகையில் நாற்பதுக்கும் மேற்பட்ட உடைக்கன்றுகள் எழுந்தன. சீமைக்கருவேலக் கன்றின் சிற்றிலைகள் நீளமாக இருக்கும். உடையின் சிற்றிலைகள் மிக நுண்ணியவை என்பதால், நான்காவது ஐந்தாவது இலையிலேயே பிரித்தறிந்துவிடலாம். கன்றுகளைச் சுற்றி முள் கவிழ்த்து வைத்ததில் பாதிக்கு மேல் கோடையைத் தாண்டின. இடையில் தூவிய கொழுக்கட்டைப்புல் மேட்டுப்பகுதியில் பிடித்தது, உவர் பூத்த பள்ளத்தில் பிடிக்கவில்லை. வரப்பில் ஊன்றிய பனங்கொட்டைகள் முதலில் கீழ்நோக்கிக் கிழங்குதான் விடும் என்பது தெரிந்திருந்தும், மாதக்கணக்கில் ஒன்றும் வெளியே தெரியாததால் பொறுமை இழந்து இரண்டைத் தோண்டிக் கெடுத்தேன்.

2025 பங்குனியில், மரமில்லாத வெட்டவெளியில் சிவப்பு மூக்கு ஆட்காட்டி ஒன்று நான்கு முட்டைகள் இட்டிருந்தது. சிறு குழி, அதைச் சுற்றிச் சரளைக் கற்களும் காய்ந்த ஆட்டுப் புழுக்கைகளும் அடுக்கப்பட்டிருந்தன. முட்டையின் புள்ளிகளுக்கும் அவற்றுக்கும் வேறுபாடு காண நானே இருமுறை குனிய வேண்டியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் கன்று நடுவதில்லை என்று முடிவு செய்தேன். குஞ்சுகள் இறங்கும்வரை கீதாரி தம் ஆடுகளை மேற்கு வரப்பு வழியாகவே ஓட்டிச் சென்றார்.