காதை அடைத்த இரண்டரை மணித்தியாலம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டக்களப்பில் ஒரு படமாளிகைக்கு மாமியையும் மகளையும் அழைத்துச் சென்றேன். படம் தொடங்கிய பத்தாவது நிமிடத்திலேயே மாமி சேலைத் தலைப்பால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டார், மகளோ என் தோளில் முகத்தைப் புதைத்துவிட்டாள். இடைவேளையில் ஒலியைக் குறைக்குமாறு கேட்டபோது, "சத்தம் குறைஞ்சா பொடியன்மார் கத்துவாங்க, ஐயா" என்று ஊழியர் சிரித்தார்.

திரையரங்கு ஒலிக்கு அளவுகோல் இல்லாமலில்லை. டொல்பி எனும் திரையரங்கு ஒலி முறையில் ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழின் 7 என்ற எண்ணே நியம அளவாகும். அந்நிலையில் திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஒலித்தடமும் சோதனை இரைச்சலில் 85 டெசிபெல் தரும்படி சீர்செய்யப்படுகிறது, உச்சக்கட்டங்களில் அது 105 வரை எழலாம். அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி, 85 டெசிபெல் இரைச்சலில் ஒருவர் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் வரை இருக்கலாம். 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் அந்நேரம் பாதியாகிவிடுவதால், 100 டெசிபெல்லில் 15 நிமிடமே மிஞ்சும். வசனம் மெல்லியதாகவும் வெடிச்சத்தம் பெரிதாகவும் பதிவான படத்தில், வசனம் கேட்கவேண்டுமென்று குமிழைத் திருப்பினால் வெடியும் சேர்ந்தே ஏறும் என்பதால், குற்றம் முழுவதையும் அந்த ஊழியர்மேல் போடவும் மனம் வரவில்லை.

நிலாக்கால இரவில் கல்லடி வாவியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்ட ஊர் இது. அன்றிரவு அதே வாவிக்கரையால் வீடு திரும்பியபோது எனக்குக் கேட்டது காதுக்குள் ஒரே இரைச்சல்தான். அது மறுநாள் காலையிலேயே அடங்கியது. மகளுக்குக் காதடைப்பான் வாங்கியிருக்கிறேன். மாமி இனி வரமாட்டாராம்.