கிட் புதைத்ததும் கலெக்டர் பட்டியலும்

கடற்கொள்ளைக்காரர் என்று 1701-இல் லண்டனில் தூக்கில் போடப்பட்ட கேப்டன் கிட் புதையலை எங்கே புதைத்தார் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியும். நியூயார்க் லாங் ஐலண்டின் கிழக்கு முனையை ஒட்டியுள்ள கார்டினர்ஸ் தீவில், 1699 ஜூன் மாதம். அதை எடுத்தது யார் என்பதும் தெரியும். அடுத்த மாதமே ஆளுநரின் ஆட்கள் எல்லாவற்றையும் பாஸ்டனுக்கு வரவழைத்து, எடை போட்டு, பட்டியல் எழுதி முடித்துவிட்டார்கள். நம் ஊர் கலெக்டர் ஆபீஸ் தோற்றது.

இதைச் சொன்னால் எங்கள் டிடெக்டர் கோஷ்டியில் பாதிப் பேருக்கு முகம் வாடிவிடும். நான் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம். மெட்டல் டிடெக்டரும் சல்லடைக் கரண்டியுமாகக் கடற்கரையில் நடக்கிறவர்களில் நானும் ஒருத்தி. கிடைப்பதெல்லாம் பாட்டில் மூடி, பியர் டின் வளையம், சில்லறைக் காசு. வாசலில் காலைக் கழுவும்போதே வீட்டுக்காரர், "கிட் இன்னிக்கு என்ன கொடுத்தனுப்பினான்?" என்பார். உண்மையில் நான் தோண்டுவதைவிடப் படிப்பதுதான் அதிகம். பனிக்காலம் முழுக்க வேறென்ன செய்வது?

இந்தக் கரையோரம் பூராவும் கிட்டின் புதையல்தான். கனெடிகட்டில் மனி ஐலண்ட் என்றே ஒரு குட்டித் தீவு. மில்ஃபோர்டில் சார்ல்ஸ் தீவு. சுதந்திர தேவி சிலை நிற்கும் தீவிலும் புதைத்தாராம். எங்கள் பக்கத்து சாண்டி ஹுக் மணல்திட்டையும் விட்டுவைக்கவில்லை. அங்கே டிடெக்டரை எடுத்துக்கொண்டு போகவே முடியாது, தேசியப் பூங்காத் துறை இடம், தடை. மற்றபடி கதைகள் ஒரே அச்சு: நள்ளிரவில் பெட்டியை இறக்குவார்கள், கூட வந்தவன் ஒருவனைக் கொன்று மேலே போட்டு மூடுவார்கள், அவன் ஆவி காவல் இருக்கும், தோண்டுகிறவன் வாய் திறந்தால் பெட்டி கீழே இறங்கிவிடும். பூதம் காக்கும் புதையலையும் நரபலியையும் கேட்டு வளர்ந்த எனக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பாட்டி யாராவது கப்பலேறி வந்து சொல்லிவிட்டுப் போயிருப்பாளோ என்றுகூடத் தோன்றும்.

அதனால் புதையலின் வயதை விட்டுவிட்டுக் கதையின் வயதைப் பார்ப்பது என் வழக்கம். சம்பவம் நடந்தது 1699-இல். அதை முதலில் எழுதிவைத்தது எப்போது? ஊர் வரலாற்றுப் புத்தகங்களையும் பழைய செய்தித்தாள்களையும் பின்னோக்கிப் புரட்டினால், பல கதைகள் 19-ஆம் நூற்றாண்டைத் தாண்டிப் போகவே மாட்டேன் என்கின்றன. கனடாவில் நோவா ஸ்கோஷியாவின் ஓக் தீவு நல்ல உதாரணம். 1795-இல் பையன்கள் கிட்டின் புதையல் குழியைக் கண்டதாகச் சொல்கிறார்கள், ஆனால் அச்சில் வந்தது 1850-களில்தான். அந்தக் குழியைத் தோண்டி இதுவரை ஆறு பேர் செத்திருக்கிறார்கள், அதில் நான்கு பேர் 1965-இல் ஒரே நாளில். அதற்கு மேல் ஓக் தீவைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

கார்டினர்ஸ் தீவு விஷயம் வேறு. தீவின் சொந்தக்காரர் ஜான் கார்டினர், 1699 ஜூலையிலேயே கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. அச்சிலும் வந்துவிட்டது, இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பேய், பிசாசு, ரத்தம் எதுவும் இல்லை. கரைக்கு அப்பால் ஒரு சிறு கப்பல் நின்றது, பார்க்கப் போனேன், கிட் ஆறு ஆடும் ஒரு பீப்பாய் ஆப்பிள் சாராயமும் கேட்டார், என் மனைவிக்கென்று வங்காள மஸ்லின் துணி தந்தார் என்று போகிறது. பிறகு ஒரு பெட்டகம், தங்கம் வைத்த ஒரு பெட்டி, மெத்தைவிரிப்பு மூட்டை, நான்கு சரக்குப் பொதிகள் ஆகியவற்றை ஒப்படைக்கிறார். எனக்குப் பிடித்த இடம் இதுதான்: அந்தத் தங்கப் பெட்டி ஆளுநர் பெல்லமான்ட் பிரபுவுக்கு என்று கிட்டே சொல்கிறார். கிட்டின் பயணத்துக்கு முதல் போட்டவர்களில் ஒருவர் அந்த பெல்லமான்ட். கொள்ளைப் பழியிலிருந்து தப்ப அவரிடம் பேரம் பேச பாஸ்டனுக்குப் போகிறவர், கையில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவாரா? பேச்சு படிந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தவர் நிலத்தில் வைத்துவிட்டுப் போனார். பேச்சு படியவில்லை. ஜூலை 6-ஆம் தேதி கைது.

பல இடங்களிலிருந்தும் மீட்டதைச் சேர்த்து எழுதிய பட்டியலில் 1,111 அவுன்ஸ் தங்கம், 2,353 அவுன்ஸ் வெள்ளி, கொஞ்சம் ரத்தினங்கள். தங்கத்தை மட்டும் நம் கணக்கில் போட்டுப் பார்த்தேன், 4,300 பவுனுக்குச் சற்று மேல். அதே பட்டியலில் 57 மூட்டை சர்க்கரையும் 41 பொதிச் சரக்கும் இருக்கின்றன. சினிமாவில் யாரும் சர்க்கரை மூட்டையைக் காட்டுவதில்லை!

சர்க்கரையும் துணியும் எங்கிருந்து என்று தேடினால் நம் கடலுக்கே வந்துவிடுகிறோம். 1698 ஜனவரி 30-ஆம் தேதி, கொச்சிக்கு அருகே, கிட் பிடித்த குவெடா மெர்ச்சன்ட் என்ற கப்பல். சரக்கு ஆர்மீனிய வியாபாரிகளுடையது. பட்டு, மஸ்லின், சர்க்கரை, அபின், வெடியுப்பு. பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க எனக்கு அரசு அனுமதி உண்டு, இது பிரெஞ்சு அனுமதிச் சீட்டு வைத்திருந்த கப்பல், ஆகவே எதிரிக் கப்பல், ஆகவே நான் கொள்ளைக்காரன் இல்லை என்பது கிட்டின் வாதம். லண்டனில் விசாரணை நடந்தபோது அந்தச் சீட்டுகள் அவர் கைக்கு வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் ஆவணக் காப்பகத்தில் அவை கிடைத்தன. அவர் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. தன் கப்பல் பீரங்கிக்காரன் வில்லியம் மூரை வாளியால் மண்டையில் அடித்துக் கொன்றவர். ஆனால் இருந்த ஆதாரத்தைக் காட்ட விடாமல் தூக்கில் போட்டது நியாயமில்லை.

அப்புறம் ஏன் இத்தனை தீவுகளில் தோண்டினார்கள்? என் கட்சி, கதையைக் கிளப்பிவிட்டதே கிட்தான். 1701 மே 23-ஆம் தேதி தூக்கு. அதற்குச் சில நாள் முன்னால் சிறையிலிருந்து நாடாளுமன்ற சபாநாயகர் ராபர்ட் ஹார்லிக்குக் கடிதம் எழுதுகிறார்: இண்டீஸில் ஒரு லட்சம் பவுண்டு மதிப்புள்ள பொருளை வைத்திருக்கிறேன், என்னைக் கைதியாகவே கப்பலில் கூட்டிப் போங்கள், எடுத்துத் தருகிறேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உயிருக்குப் பயந்தவன் சொன்ன தொகை அது. அந்த ஒரு லட்சத்தைத்தான் ஊர் ஊராகத் தேடினார்கள். 2015-இல் மடகாஸ்கர் அருகே கடலடியில் 50 கிலோ வெள்ளிக் கட்டி கிடைத்தது, கிட்டுடையது என்று உலகம் பூராவும் செய்தி. யுனெஸ்கோ ஆட்கள் சோதித்தார்கள். 95 சதவீதம் ஈயம்.

கிட் கரீபியனில் விட்டுவந்த குவெடா மெர்ச்சன்டின் மிச்சம் 2007-இல் டொமினிகன் குடியரசின் கத்தலினா தீவருகே கண்டறியப்பட்டது. 10 அடிக்கும் குறைவான ஆழம். பீரங்கிகளும் நங்கூரங்களும் அப்படியே கிடக்க, அந்த இடத்தைக் கடலடி அருங்காட்சியகமாக அறிவித்துவிட்டார்கள். முகமூடி மாட்டிக்கொண்டு நீந்திப் பார்க்கலாம், எதையும் எடுக்கக்கூடாது. டிசம்பரில் போகலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன். டிடெக்டர் வீட்டிலேயே இருக்கட்டும் என்ற நிபந்தனையோடு டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.