கயிற்றை உருவிய பிறகு

மரத்தைச் சுற்றி இரட்டையாக விட்ட கயிற்றில் இறங்கி, கீழே கால் ஊன்றி, ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்து உருவிவிட்டால் வந்த வழி அத்தோடு சரி. குறுகலான, ஆழமான பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ள விழத்தான் வேண்டும் என்பதில்லை. உருவிய பிறகு, கீழே இன்னொரு செங்குத்து இறக்கம் இருக்கிறது, அதற்குக் கயிறு எட்டாது என்று தெரிந்தாலே போதும். மேலே ஏறவும் முடியாது, கீழே போகவும் முடியாது. வெயில் எட்டாத பாறைக்கு நடுவில், ஈரத்துணியோடு, போனில் சிக்னல் இல்லாமல் நிற்க வேண்டும்.

கொடைக்கானல் பக்கம் கயிறும் ஹெல்மெட்டும் எடுத்துக்கொண்டு வரும் இளைஞர்கள் பலர் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்த வீடியோக்களில் வருவது பெரும்பாலும் அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்களின் மணற்கல் இடுக்குகள். வெள்ளம் மணலோடு வந்து அறுத்து அறுத்து உண்டாக்கியவை. சுவர் வழவழப்பாக, அலை அலையாக இருக்கும். பழனி மலையில் பாறையே வேறு. இது சார்னோகைட், மிகக் கடினமான பாறை. இங்கே இடுக்குகள் பாறையில் ஏற்கெனவே இருந்த வெடிப்புகள் வழியே உண்டானவை. அதனால் நேர்க்கோடாக, செங்குத்தாக, அடி தெரியாமல் இறங்கும். மேலே பெரணியும் சருகும் மூடிக் கிடப்பதால் வாய் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மூடுபனி வந்துவிட்டால் பாசி படிந்த விளிம்பில் எந்த ஷூவும் பிடிக்காது. வீடியோவில் பார்த்த பாறையில் எடுபடும் உத்தி இந்தப் பாறையில் எடுபடும் என்று நம்புவதுதான் முதல் தவறு.

தூண் பாறைகளுக்கு நடுவே இருக்கும் ஆழமான வெடிப்புகளுக்கு டெவில்ஸ் கிச்சன் என்று பெயர்; இன்று எல்லோரும் குணா குகை என்கிறார்கள். 2006-ல் கேரளத்திலிருந்து வந்த நண்பர் குழுவில் ஒருவர் அங்கே உள்ளே விழுந்தார். கயிற்றில் இறங்கி அவரை உயிரோடு மேலே கொண்டுவந்தது அவருடைய நண்பர். அந்தத் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அதிலிருந்து "நண்பன் விழுந்தால் நாம் இறங்க வேண்டும்" என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்பவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. அந்த நண்பர் கயிறு கட்டாமல் குதிக்கவில்லை. மேலே அவர் கயிற்றைப் பிடிக்க ஆட்கள் இருந்தார்கள், தீயணைப்புத் துறையினரும் இருந்தார்கள். மேலே யாரும் இல்லாமல் இரண்டாவது ஆள் இறங்கினால், மீட்க வேண்டியவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது அங்கே வேலி இருக்கிறது. அது பார்க்க மட்டும் உள்ள இடம் என்பதற்கு அந்த வேலிதான் அடையாளம். அதைத் தாண்டிச் செய்யும் எதையும் இங்கே சொல்லித் தரவில்லை. கீழே சொல்வதெல்லாம் அனுமதி உள்ள பாறையில், தெரிந்தவரோடு பழக வேண்டியவை.

முதலில் மழை. 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டலோப் இடுக்கில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது அவர்கள் தலைக்கு மேலே அல்ல, பல கிலோமீட்டர் தள்ளி, மேற்பகுதியில். 2015 செப்டம்பரில் யூட்டாவில் உள்ள சயான் தேசியப் பூங்காவின் கீஹோல் இடுக்கில் இறங்கிய 7 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அவர்களிடம் முறையான அனுமதிச் சீட்டு இருந்தது. சுவிட்சர்லாந்தில் 1999 ஜூலையில் சாக்செட்டன் ஓடையில் 21 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள், அதில் வழிகாட்டிகளும் அடக்கம். அனுமதியும் வழிகாட்டியும் வெள்ளத்தை நிறுத்தாது.

இதைப் புரிந்துகொள்ள பெரியகுளம்காரர்களுக்கு யூட்டா தேவையில்லை. கும்பக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கொடைக்கானல் மேலே கொட்டியிருக்கும். அருவியில் தண்ணீர் திடீரென்று ஏறும். அதனால்தான் வனத்துறை குளிக்கத் தடை போடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். ஆனால் சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் வரும் கோடை இடிமழையைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காலையில் வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும். ஓடை இடுக்கில் இருக்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கலானால், சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தால், மண் வாசனை ஏறினால், காற்றில்லாமல் இரைச்சல் கேட்டால் பையை எடுக்கக்கூட நிற்காதீர்கள். ஓடையின் போக்கில் ஓடாமல் பக்கவாட்டில் மேலே ஏறுங்கள். பாறைச் சுவரில் பழைய வெள்ளம் சொருகிவிட்டுப் போன குச்சியும் குப்பையும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதை இறங்கும்போதே பார்த்து வைக்க வேண்டும். அதற்கு மேலே நிற்கும் இடம்தான் பாதுகாப்பான இடம்.

இனி கயிறு. சந்தையில் கிடைக்கும் நீலம், பச்சை நிற பிளாஸ்டிக் கயிறு தண்ணீரில் மிதக்கும். அதனால் ஆற்றில் இழுத்துப் போகிறவருக்கு வீசி எறிய நல்லது. ஆள் தொங்க அது உதவாது: பாலிப்ரொப்பிலீன் சுமார் 165 டிகிரியில் உருகிவிடும், இறங்கும் வேகத்தின் உராய்வும் பாறை விளிம்பும் சேர்ந்தால் அதன் கதி தெரிந்ததே. ஆள் தொங்குவதற்கு, அதிகம் நீளாத வகை நைலான் கயிறு, 10 அல்லது 11 மி.மீ. தடிமன் வேண்டும். ஐரோப்பிய இ.என். 1891 தரத்தில் 'ஏ' வகைக் கயிறு குறைந்தது 22 கிலோ நியூட்டன் தாங்க வேண்டும். சுமார் இரண்டே கால் டன். நனைந்தால் நைலான் பத்து சதவீதத்துக்கு மேல் பலம் இழக்கும், முடிச்சு போட்ட இடத்தில் இன்னும் குறையும். இவற்றையெல்லாம் தாண்டியும் மிச்சம் இருக்கும். ஆனால் பாரம் ஏறிய கயிறு கூரான விளிம்பில் பக்கவாட்டில் தேய்ந்தால் அந்த மிச்சமெல்லாம் நொடியில் போய்விடும். விளிம்பில் மடித்த சாக்கையோ காலிப் பையையோ போட்டு, அது நழுவாமல் தனிக் கயிறால் கட்டிவிடுங்கள்.

நீளத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 30 மீட்டர் இறக்கத்துக்கு இரட்டையாக விட 60 மீட்டர் கயிறு. தாளில் சரிதான். மரம் விளிம்பிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 8 மீட்டர் அங்கேயே போய்விட்டது. கயிறு தரையிலிருந்து 4 மீட்டர் மேலே தொங்கும். நுனியில் முடிச்சு இல்லையென்றால் ஆள் கயிற்றை விட்டு வெளியே வந்துவிடுவார். காய்ந்த இறக்கத்தில் இரண்டு நுனியிலும் '8' வடிவ முடிச்சு கட்டாயம். ஓடும் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் மட்டும் முடிச்சு போடக் கூடாது. அது கல்லில் சிக்கி, ஆளைத் தண்ணீருக்கு அடியிலேயே பிடித்து வைத்துவிடும். அங்கே கயிறு தண்ணீரைத் தொடும் அளவோடு நிற்க வேண்டும்.

கட்டும் மரத்தைப் பாருங்கள். வாட்டில் மரத்துக்கு வேர் ஆழமில்லை, பலத்த காற்றுக்கே சாய்வதைக் கொடைக்கானல்காரர்கள் பார்த்திருப்பார்கள். மண் கரைந்து வேர் வெளியே தெரிகிற மரமும் வேண்டாம். தொடை அளவு தடிமனான, உயிருள்ள மரத்தின் அடிப்பாகத்தில் கட்டி, அதைச் சாராத இன்னொரு மரத்திலோ பாறையிலோ இரண்டாவது கட்டும் போட வேண்டும்.

அடுத்தது, நம் ஊரில் பழகுபவர்கள் அதிகம் கண்டுகொள்ளாத ஒன்று. இறங்கும் கயிற்றை மேலே இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். ஒற்றைக் கயிற்றை காரபைனரில் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) மன்ட்டர் முடிச்சு போட்டு, பாரம் ஏறியிருக்கும்போதே அவிழ்க்கக்கூடிய மியூல் முடிச்சால் பூட்டி, மீதிக் கயிற்றைப் பையோடு மேலேயே வையுங்கள். இறங்குகிறவரின் டீ-சர்ட்டோ தலைமுடியோ டிசென்டருக்குள் (இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) சிக்கி நடுவில் தொங்கினால், மேலே இருப்பவர் மியூலை அவிழ்த்து, மன்ட்டர் வழியாக மெல்ல விட்டு அவரைத் தரையில் இறக்கிவிடலாம். மீட்பு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இறுக்கிக் கட்டிய கயிறாக இருந்தால் அவரைத் தூக்கித்தான் ஆக வேண்டும். அது மணிக்கணக்கு வேலை. கடைசி ஆள் மட்டும் இதை உருவக்கூடிய கட்டாக மாற்றிவிட்டு வருவார். அவர் மேலே நிற்கும்போதே கீழே இருப்பவர்கள் ஒரு மீட்டர் இழுத்துப் பார்க்க வேண்டும். வரவில்லையா, அவர் கட்டை இன்னும் முன்னால் தள்ளி, முறுக்கை எடுத்துவிடுவார். எல்லோரும் இறங்கிய பிறகு சிக்கினால் அந்தக் கயிற்றில் ஏறிப் பார்ப்பது உயிரோடு சூதாடுவது. எதில் சிக்கியிருக்கிறது, எப்போது விடும் என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது.

கயிற்றில் ஏறத் தெரியாதவர் கயிற்றில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 6 மி.மீ. சரடில் இரண்டு வளையம், பிரதான கயிற்றில் மூன்று சுற்று புரூசிக் முடிச்சு (பாரம் ஏறினால் இறுகிப் பிடிக்கும், பாரம் இல்லாதபோது நகர்த்தலாம்). ஈரமாக இருந்தால் நான்கு சுற்று. மேல் வளையம் குட்டையாக ஹார்னஸுக்கு (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வார்), கீழ் வளையம் நீளமாகப் பாதத்துக்கு. காலால் எழும்பி மேல் முடிச்சைத் தள்ளு, உட்கார்ந்து கீழ் முடிச்சைத் தள்ளு. சில மீட்டருக்கு ஒருமுறை கீழே தொங்கும் கயிற்றில் ஒரு முடிச்சு போட்டு ஹார்னஸில் மாட்டிக்கொள்ள வேண்டும், புரூசிக் வழுக்கினால் அது பிடிக்கும். இதை வீட்டு வேப்பமரத்தில் பத்துத் தடவை செய்து பழகாமல் மலைக்கு வந்து பயனில்லை.

அடிபட்டவரைத் தூக்க நேர்ந்தால், நான்கு பேர் சேர்ந்து நேராக இழுத்துவிடலாம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். விளிம்பின் உராய்வே அவர்கள் பலத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். கயிறு மேலே வந்ததும் நங்கூரக் கட்டில் (மேலே மரத்திலோ பாறையிலோ போட்ட கட்டு) ஒரு கப்பி, திருப்பிக் கீழே கொண்டுபோய் பாரக் கயிற்றில் புரூசிக் போட்டு இன்னொரு கப்பி, மறுபடி மேல்நோக்கி இழுப்பு: 'இசட்' வடிவம். 3 மீட்டர் ஏற்ற 9 மீட்டர் இழுக்க வேண்டும், பலன் மூன்று மடங்கு. கப்பி இல்லாமல் வெறும் காரபைனரில் செய்தால் உராய்வு போக இரண்டு மடங்குதான் மிஞ்சும். நங்கூரத்திலும் ஒரு புரூசிக் இருக்க வேண்டும். கை ஓய்ந்தாலும் ஏறியது இறங்காது.

இடுக்கில் உடம்பு செருகிக்கொண்டவர் விஷயம் தனி. மூச்சை விடும்போது மார்பு சுருங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் கீழே இறங்குவார். கையைப் பிடித்து இழுத்தால் சட்டை சுருண்டு இன்னும் இறுகும். முதல் வேலை, ஒரு நாடா வளையத்தை அவர் பாதத்துக்கு எட்டும்படி இறக்குவது. அதில் மிதித்து நின்றாலே மார்பின் மேல் இருக்கும் பாரம் குறையும்.

ஹார்னஸில் அசையாமல் தொங்குகிறவர் சில நிமிடங்களிலேயே மயங்கலாம். முடிந்தவரை சீக்கிரம் இறக்கிப் படுக்க வையுங்கள். உட்கார வைத்தே இருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரையை இப்போது கைவிட்டுவிட்டார்கள். குளிரைப் பற்றி ஒரு வார்த்தை: மார்கழி, தை இரவுகளில் கொடைக்கானலில் வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே போகும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஈரத்துணியைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, பிளாஸ்டிக் ஷீட்டால் சுற்றுங்கள். அடியில் பையும் கயிறும் பரப்பி அதன்மேல் படுக்க வையுங்கள், ஏனென்றால் பாறை கீழிருந்து சூட்டை இழுக்கும். பிராந்தி கொடுப்பது உதவியல்ல, கேடு. நடுக்கம் நின்று, பேச்சு குழறினால் அது தேறுவதன் அடையாளம் இல்லை. நிலை மோசமாகிறது என்று பொருள்.

உதவி வரும், ஆனால் தாமதமாகும். கொடைக்கானலில் தீயணைப்பு மீட்பு நிலையம் இருக்கிறது, வனத்துறை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்பவர்கள் பக்கத்துக் கிராமத்து ஆட்கள்தான். ரோடு இல்லாத ஊர்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கிப் பழகிய தோள்கள் அவை. ஒரு ஸ்ட்ரெச்சருக்கு ஆறு பேர். தூரம் அதிகமென்றால் மாற்றிப் பிடிக்க மூன்று அணி, பதினெட்டு பேர் வேண்டும். அந்த ஆள்பலம் சேரவே நேரம் பிடிக்கும்.

ஆகவே அழைப்பு தெளிவாக இருக்கட்டும். இடுக்குக்குள் ஜி.பி.எஸ். பொய் சொல்லும், திறந்த பாறைக்கு வந்து ஆயத்தொலைவை எடுங்கள். 112 அல்லது 101. இடத்தின் உள்ளூர்ப் பெயர், எத்தனை பேர், யாருக்கு என்ன அடி, பேசுகிறாரா, எவ்வளவு ஆழம், கயிறு உங்களிடம் உள்ளதா, எந்த வழியாக வந்தால் மேலே வரலாம். சொல்லி முடித்து, போனைச் சார்ஜ் மிச்சப்படுத்தி அதே இடத்தில் வைத்திருங்கள். விசிலில் நிமிடத்துக்கு ஆறு ஊதல், பிறகு ஒரு நிமிடம் நிறுத்தம். அதுதான் பல நாடுகளில் மலையேறுபவர்களின் ஆபத்துக் குறி. நிமிடத்துக்கு மூன்று ஊதல் திரும்பி வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

2003 ஏப்ரலில் யூட்டாவின் புளூஜான் இடுக்கில் ஆரன் ரால்ஸ்டன் கை பாறைக்கடியில் மாட்டி 127 மணி நேரம் கிடந்தார். கையைத் தானே அறுத்துக்கொண்டுதான் வெளியே வந்தார். அந்த இடுக்குக்குப் போவதாக அவர் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி, தங்கும் விடுதியிலோ வீட்டிலோ கொடுங்கள்: எந்த ஓடை, எந்தப் பக்கம் இறங்கி எந்தப் பக்கம் வெளியே வருகிறோம், எத்தனை பேர், வண்டி எண், வண்டி நிற்கும் இடம். திரும்பும் நேரத்தை மட்டும் எழுதினால் போதாது. "மாலை 5 மணிக்குள் போன் வராவிட்டால் 6 மணிக்கு 112-க்குச் சொல்லவும்" என்று எழுதி, வாங்குகிறவரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.