காலையில் எந்தத் தளத்தைத் திறப்பது?

அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு எழுதி வேலைக்கு வந்தபிறகு ஊர்ப்பக்கம் போனால் தம்பி தங்கைகள் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, எந்த கோச்சிங் போனீங்க?" அடுத்தது, "எந்த யூடியூப் சேனல் பார்த்தீங்க?" காரைக்குடியில் கொஞ்ச காலம் கோச்சிங் போனதும் உண்மை, சேனல் பார்த்ததும் உண்மை. ஆனால் மதிப்பெண் வாங்கித் தந்தது என்று பார்த்தால், தினமும் காலையில் ஒரு மணி நேரம் நான் புரட்டிய சில இணையதளங்களைத்தான் சொல்வேன். போட்டித் தேர்வு எழுதாதவர்களுக்கும் இதில் பாதி பயன்படும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் ஒரு கேள்வி இல்லாமல் எந்தத் தளத்தையும் திறக்காதீர்கள். 'கட்டாயம் பார்க்க வேண்டிய 100 தளங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைச் சேமித்து வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், படித்தவர் யாரையும் பார்த்ததில்லை. கேள்வி இருந்தால் ஒரு தளம் போதும், அதுவே அடுத்த தளத்துக்கு வழி காட்டும்.

கேள்விக்கு எங்கே போவது? நம்ம ஊரிலேயே கிடக்கிறது. எங்கள் அப்பத்தா கண்டாங்கிச் சேலைதான் கட்டும். கட்டம் போட்டு, அகலக் கரை வைத்த சேலை. அதற்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள் என்கிற சட்டப் பதிவு, கிடைத்தது என்று பேப்பரில் பார்த்த ஞாபகம். சரி, எந்த வருடம்? புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் இணையதளத்துக்குப் போனால், பதிவான பொருள்கள் எல்லாம் மாநில வாரியாக இருக்கின்றன. காரைக்குடி கண்டாங்கி, 2019. அதே வருடப் பட்டியலில் திண்டுக்கல் பூட்டும் பழனி பஞ்சாமிர்தமும் இருக்கின்றன. அந்தப் பதிவகம் இருப்பதே சென்னையில்தான், நாட்டுக்கே அது ஒன்றுதான். சட்டம் 1999இல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2003 செப்டம்பர் 15. முதலில் குறியீடு பெற்றது டார்ஜிலிங் தேயிலை. இவ்வளவும் பொது அறிவுப் பகுதியில் கேட்கக்கூடியவை. கைடில் இவை தனித்தனி வரிகளாக வரும், மனப்பாடம் செய்த மறுவாரம் மறந்துவிடும். அப்பத்தா சேலையிலிருந்து தொடங்கிப் போனால் எப்படி மறக்கும்?

இதே வழியில் அரசுத் திட்டங்களுக்குப் போகலாம். தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் துறை வாரியாகக் கொள்கை விளக்கக் குறிப்புகள் இருக்கும். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் வைக்கிற ஆவணம் அது. தமிழிலேயே கிடைக்கும். அந்தத் துறை என்னென்ன திட்டம் நடத்துகிறது, எப்போது தொடங்கியது, யாருக்குப் போகிறது, எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று எல்லாம் அதில் உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கியது. மாதம் 1000 ரூபாய் என்று அறிவித்த மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில். இரண்டும் அண்ணா பிறந்த நாள் என்பதைக் கவனித்துவிட்டால் தேதி தானாக நிற்கும். தேர்வில் தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகம் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தக் குறிப்புகளைத்தான். முழுவதும் படிக்க வேண்டாம். பள்ளிக் கல்வி, சமூக நலன், நகராட்சி நிர்வாகம், வேளாண்மை, இந்த நாலைந்து துறை போதும். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம்.

நகராட்சி நிர்வாகம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கூடவே புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை. மாநிலத்தில் மாநகராட்சிகள் 21 என்பது 25 ஆனது. அதற்கப்புறமும் ஒரு பயிற்சி மையம் கொடுத்த குறிப்பேட்டில் 21 என்றே அச்சாகியிருந்தது. அதுவும் காரைக்குடியிலேயே விற்ற குறிப்பேடு! கைடு அச்சாகிற வேகம் அவ்வளவுதான். எண்ணிக்கை மாறக்கூடிய எதையும் அரசுத் தளத்தில் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மத்திய அரசுச் செய்திகளுக்குப் பத்திரிகை தகவல் அலுவலகத்தின் தளம். மேலே மொழியைத் தமிழ் என்று மாற்றிக்கொள்ளலாம். அதில் வருகிற மொழிபெயர்ப்புத் தமிழ் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். விருது, விண்வெளி, பாதுகாப்பு, புதிய சட்டம் ஆகிய நான்கைத் தவிர மற்றதைத் தலைப்போடு விட்டுவிடலாம். அமைச்சர் யாரைச் சந்தித்தார் என்பதெல்லாம் நமக்கு எதற்கு?

இனித் தமிழ்ப் பகுதி. குரூப் 4இல் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் பாதி தமிழ். தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பாதியைத் திருத்தவே மாட்டார்கள். எனவே காலை நேரத்தில் பெரும்பங்கை இதற்குக் கொடுத்தேன். பாடநூல்தான் அடிப்படை, அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். பாடநூல் கழகத்தின் தளத்திலேயே எல்லா வகுப்புப் புத்தகமும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் பாடநூலில் ஒரு பாட்டின் நாலு வரிதான் இருக்கும். மீதியை எங்கே பார்ப்பது? இதற்கு இரண்டு இடங்கள். ஒன்று மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருக்கிற முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்த நூல்கள். இன்னொன்று தமிழ் இணையக் கல்விக்கழகம். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது. இதில் உரையோடு இலக்கியம் கிடைக்கும், சொல் கொடுத்துத் தேடலாம். பழைய நூல்களையும் இதழ்களையும் படமெடுத்து வைத்திருக்கிற மின்னூலகமும் தனியாக உண்டு.

எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு பாட்டை வைத்துச் சொல்கிறேன். 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' தெரியாத ஆள் கிடையாது. ஆனால் அந்தப் புறநானூற்று 192ஆம் பாட்டு மொத்தம் 13 வரி. மற்ற 12 வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். மின்னல், மழை, கல்லில் மோதி இரைகிற ஆறு, அதில் போகிற புணை (தெப்பம்) என்று ஒரு முழு வெள்ளமே அதில் ஓடுகிறது. கடைசியில், பெரியவர்களைப் பார்த்து வியக்கவும் மாட்டோம், சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடியும். கணியன் பூங்குன்றனாரின் ஊரான பூங்குன்றம், நம்ம சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கத்து மகிபாலன்பட்டிதான் என்பார்கள். பஸ்ஸில் போகிற தூரத்து ஊர்க்காரர் எழுதியதை முழுசாகப் படிக்காமல் எப்படி? இப்படித் தினம் ஒரு பாட்டு, உரையோடு. சொல்லும் பொருளும், பிரித்து எழுதுக, இலக்கணக் குறிப்பு மூன்றும் அதிலேயே பயிற்சியாகிவிடும்.

புரியாத சொல் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அகராதி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத் தளத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம், காசு கிடையாது.

சிகாகோ என்றதும் ரோஜா முத்தையாவைச் சொல்லாமல் போக முடியாது. கோட்டையூர்க்காரர், விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், அழைப்பிதழ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் காலமானபிறகு அந்தச் சேகரிப்பை அதே சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆக்கினார்கள். அதன் நூற்பட்டியலை இணையத்தில் தேடலாம். தேர்வுக்கு நேரடியாக இது உதவாது, உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெறுமனே துழாவுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அறிவியல் எனக்குப் பிடிக்காத பகுதி. நம்ம ஊரிலேயே சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அந்த வேலியை ஒட்டித் தினமும் பஸ்ஸில் போய்வந்தும் எனக்கு மின்னோட்டம் மட்டும் தலையில் ஏறவில்லை. அதை ஏற்றியது ஃபெட் (PhET) என்கிற தளம். கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002இல் தொடங்கியது. அதில் மின்சுற்று கட்டுகிற ஒரு செயல்முறை இருக்கிறது. 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்பு, கம்பி, எல்லாவற்றையும் விரலால் இழுத்து மாட்ட வேண்டும். அம்மீட்டரை வைத்தால் 0.90 ஆம்பியர் காட்டும். இன்னொரு பல்பைத் தொடரில் சேருங்கள், 0.45 ஆகும், வெளிச்சமும் மங்கும். அதையே பக்க இணைப்பில் மாட்டினால் இரண்டும் பழைய வெளிச்சத்தில் எரியும், பேட்டரியிலிருந்து 1.80 போகும். பல்பே இல்லாமல் கம்பியை நேராக இணைத்தால் பேட்டரி தீப்பிடிக்கும்! குறுக்குச் சுற்று என்றால் என்னவென்று அதற்கப்புறம் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. போனிலேயே ஓடும். ஒருதடவை தரவிறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும்.

கணக்குக்குக் கான் அகாடமி. ஆங்கிலம்தான், ஆனாலும் சதவீதம், விகிதம், வட்டி ஆகியவற்றைப் படிப்படியாகப் போட்டுக் காட்டுவதால் புரியும். வரைபடத்துக்கு இஸ்ரோவின் புவன், 2009 முதல் இருக்கிறது. நம்ம கண்மாயும் ஊருணியும் மேலிருந்து எப்படித் தெரிகின்றன என்று ஒருதடவை பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

தினமும் என்று சொல்லத் தகுதியான தளம் என்றால் நாசாவின் 'இன்றைய வானியல் படம்'. 1995 ஜூன் 16 முதல் நாளைக்கு ஒரு படம், கீழே வானியலாளர் எழுதிய ஒரு பத்தி விளக்கம். அந்த ஒரு பத்திதான் எனக்கு ஆங்கிலப் பாடம். பழைய படங்களும் தேதி வாரியாக இருப்பதால், உங்கள் பிறந்த தேதியில் என்ன படம் வந்தது என்றும் பார்க்கலாம். என் தங்கச்சி அதைப் பார்த்த அன்றைக்கு ஆரம்பித்தவள், இன்னும் விடவில்லை. அவள் தேர்வு எதுவும் எழுதவில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவை வாசலாக வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயே குடியிருக்க வேண்டாம். கட்டுரையின் அடியில் மேற்கோள் என்று இருப்பதைத் தொட்டு, அது எங்கே போகிறது என்று பாருங்கள். அரசு ஆவணத்துக்கோ நல்ல பத்திரிகைக்கோ போனால் எடுத்துக்கொள்ளலாம். மேற்கோளே இல்லாத வரியைக் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள். ஒரு பழைய இணைப்பு திறக்கவில்லை என்றால் அந்த முகவரியை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள், பல நேரம் அங்கே பிழைத்துக் கிடக்கும்.

நேரம், இடம் பற்றியும் கேட்கிறார்கள். நாங்கள் குடியிருந்தது ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில். அந்தச் சுவருக்குள் சிக்னல் வராது, வளவுக்கு, அதாவது வீட்டு முற்றத்துக்கு, வந்து வானம் பார்த்து உட்கார்ந்தால்தான் வரும். அதனால் காலையில் வளவில் உட்கார்ந்து வேண்டியதைத் தரவிறக்கிக்கொண்டு, போனை அங்கேயே திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய் எழுதுவேன். சிக்னல் இல்லாதது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. உங்கள் வீட்டில் நன்றாகச் சிக்னல் வந்தால் போனை வேறு ஆளிடம் கொடுத்து வையுங்கள்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு செய்தியின் பக்கத்திலும் எந்தத் தளம், என்றைக்குப் பார்த்தது என்று சின்னதாக எழுதிவிடுங்கள். சோம்பலாகத்தான் இருக்கும். ஆனால் தேர்வாணையம் தேர்வு முடிந்தபிறகு உத்தேச விடைகளைத் தன் தளத்தில் வெளியிடும். தவறு என்று நினைத்தால் ஒரு வாரத்துக்குள் இணையத்திலேயே ஆட்சேபிக்கலாம், அதற்கு ஆதாரம் இணைக்க வேண்டும். 'கோச்சிங்கில் சொன்னார்கள்' என்பது ஆதாரமாகாது. கொள்கைக் குறிப்பின் பக்க எண்ணோ பாடநூலின் பக்க எண்ணோ கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. பழைய வினாத்தாள்களும் இறுதி விடைகளும் அதே தளத்தில்தான் இருக்கின்றன. இன்றைக்குத் தொடங்குகிறவர்கள் போன தேர்வின் தாளைத் தரவிறக்கி, தமிழ்ப் பகுதியை மட்டும் கடிகாரம் வைத்துப் போட்டுப் பாருங்கள். நாளைக் காலைக்கு வேண்டிய கேள்விகள் அதிலேயே கிடைத்துவிடும்.