கூந்தாலம் திரும்பிய இடம்

பள்ளிக்கூடத்தில் வரலாறு, ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம், கோடை விடுமுறையில் முப்பது முப்பத்தைந்து பேரைக் கூட்டிக்கொண்டு எருசலேம் பயணம். மூன்றையும் பல வருடம் தனித்தனி வேலைகளாகத்தான் செய்துவந்தேன். நான் பாறசாலைக்காரன். பஸ் ஏறினால் சற்று நேரத்தில் களியக்காவிளை, தமிழ்நாடு வந்துவிடும். அலுவலகத்தில் மலையாளம், வீட்டிலும் ஜெபத்திலும் தமிழ். பயணக் குழுவில் பாதிப் பேரிடம் கேரள ரேஷன் கார்டு, பாதிப் பேரிடம் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு. ஆகவே முதல் சிக்கல் எப்போதும் பாஸ்போர்ட்டில்தான். ஒரு தாளில் ஞானதாஸ், இன்னொரு தாளில் ஞானதாசன். தகப்பன் பெயர் வெறும் இனிஷியலாக நிற்கும். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். பைபிள் தொல்லியலில் மூழ்க ஆசைப்பட்டவன் வருடத்தில் இரண்டு மாதம் இனிஷியலை விரித்து எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆரம்பத்தில் தொல்லியல் எனக்கு ஒரு கைத்தடி. சந்தேகப்படுகிறவர் தலையில் ஒரு போடு போடலாம். இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த ரோம ஆளுநர் பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது. பிற்காலத்தில் யாரோ அரங்கத்தின் படிக்கட்டுக்கு எடுத்துப் போட்டிருந்த கல். அங்கே இருக்கும் பிரதியைக் காட்டி, “பார்த்தீர்களா?” என்பேன். “ஸ்தோத்திரம்” என்று குழு முழுவதும் சொல்லும்.

யோசுவாவின் ஜனங்கள் எக்காளம் ஊதி ஆர்ப்பரித்ததும் மதில் விழுந்ததாக வேதம் சொல்லும் எரிகோவில் மட்டும் என் குரல் இறங்கிவிடும். 1930களில் அங்கே தோண்டிய ஜான் கார்ஸ்டாங், இடிந்த மதில் ஒன்றைக் காட்டி யோசுவா காலத்தது என்றார். 1952 முதல் 1958 வரை அதே மேட்டைத் தோண்டிய கேத்லீன் கென்யன், அந்த மதில் அதைவிட ஏறக்குறைய ஆயிரம் வருடம் பழையது என்று கண்டார். யோசுவா வந்திருக்கக்கூடிய காலத்தில் மதில் சூழ்ந்த நகரம் இருந்ததற்கே அவருக்குத் தடயம் கிடைக்கவில்லை. இதைச் சொல்லாமல், பேரீச்சம்பழக் கடைக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரையும் கிளப்பிவிடுவேன்.

ஒரு வருடம் பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி பஸ்ஸில் என் சீட்டருகே வந்து, “சார், விழுந்த மதில் இது இல்லையாமே?” என்று கேட்டாள். மொபைலில் படித்திருக்கிறாள். “அப்புறம் பேசலாம்” என்றேன். கேள்வி கேளுங்கள் என்று வகுப்பில் தொண்டை வற்றச் சொல்கிறவன் நான். அன்றிரவு பெத்லகேம் விடுதியில் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் பஸ்ஸில் மைக்கை வாங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சபை மூப்பர் ஒருவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கலிலேயாக் கடலோரத்தில் பொரித்த மீன் வந்ததும் பேசினார்.

அதற்குப் பிறகு, புறப்படுவதற்கு முன் மூன்று சனிக்கிழமை வகுப்பு கட்டாயம். முதல் வகுப்பை எருசலேமில் தொடங்க மாட்டேன். திருவிதாங்கோட்டு அரப்பள்ளி என்ற தேவாலயத்தை அப்போஸ்தலன் தோமா கி.பி. 63இல் கட்டினார் என்பது மரபு. கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்கு வழங்கிய செப்பேடு கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் சாட்சிகள் அரபு, பழைய பாரசீகத்தின் பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒன்று தலைமுறையாகச் சொல்லி வருவது, மற்றது கையில் இருப்பது. எங்கள் பக்கத்தில் நிலப்பத்திரத்துக்கே ‘ஆதாரம்’ என்றுதான் பெயர். தாத்தா சொன்ன எல்லைக்கும் ஆதாரத்தில் எழுதிய எல்லைக்கும் உள்ள தூரம் இங்கே எல்லோருக்கும் தெரியும். பலர் கோர்ட் ஏறி இறங்கியவர்கள். தாத்தா பொய் சொன்னார் என்று அவர்களில் யாரும் சொல்வதில்லை.

ஆனாலும் எனக்கே பாடம் எடுத்தவர் கிணறு வெட்டுகிற ஒருவர். அறுபது தாண்டியவர். பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பி ஏற்றிவிட்டிருந்தார்கள். பஸ்ஸின் கடைசி சீட்டில் வாய் திறக்காமல் வந்தார்.

எருசலேமை ஆண்ட எசேக்கியா ராஜா ஒரு குளத்தையும் சாலகத்தையும் உண்டாக்கித் தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவந்தான் என்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 20ஆம் அதிகாரம் சொல்கிறது. ‘சாலகம்’ என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் ‘வாய்க்கால்’ என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். நேரில் பார்த்தால் அது கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளம் வரை மலைக்குள் 533 மீட்டர் குடைந்த வழி. கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் படையெடுத்து வந்தான். அந்த முற்றுகைக்கு முன் ஊற்றுத் தண்ணீரை மதிலுக்குள் இழுக்கச் செய்த வேலை என்பதே பரவலான கருத்து.

தொடக்கத்தில் தண்ணீர் தொடை வரை நிற்கும், பிறகு முழங்காலுக்கு இறங்கும். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். பெண்கள் பாமாலை பாடிக்கொண்டு முன்னே போனார்கள். கிணறு வெட்டுகிறவர் பாடவில்லை. டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து, மற்றக் கையால் பாறையைத் தடவிக்கொண்டே நடந்தார். வழியில் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

“சார், இங்கே கூந்தாலம் திரும்பியிருக்கிறது.”

கூந்தாலம் என்றால் பிக்காசு என்று தெரியும்; அது திரும்பியது என்றால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. என் கையைப் பிடித்துப் பாறையில் வைத்தார். அதுவரை வெட்டுத் தடங்கள் நாங்கள் போகிற திசையில் சாய்ந்திருந்தன. அங்கிருந்து எங்களை நோக்கிச் சாய்ந்திருந்தன. “அந்தப் பக்கமிருந்தும் ஆள் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான்” என்றார். அருகே கொஞ்சம் வெட்டிவிட்டுக் கைவிட்ட குடைவுகளையும் காட்டினார். “சத்தம் கேட்டுத் தேடியிருக்கிறார்கள். பாறைக்குள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று லேசில் பிடிபடாது, சார்.”

இந்தக் குடைவழியில் கிடைத்த கல்வெட்டைப் பற்றி நான் அதுவரை வாய் திறந்திருக்கவில்லை. வெளியே வந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன். 1880இல் சீலோவாம் முனையருகே ஒரு சிறுவன் கண்ணில் பட்ட ஆறு வரிகள் அவை. மூலம் இப்போது இஸ்தான்புல்லில். குளத்தருகே உட்கார்ந்து அதன் சாரத்தைச் சொன்னேன்: இன்னும் மூன்று முழம் மீதியிருக்கையில் ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் கேட்டது, கூந்தாலத்துக்கு எதிராகக் கூந்தாலம் விழுந்தது, தண்ணீர் 1200 முழம் ஓடியது, வெட்டியவர்களின் தலைக்கு மேல் 100 முழம் பாறை.

“ராஜா பேர் எங்கே?” என்று கேட்டார்.

எசேக்கியாவின் பெயர் அதில் இல்லை. எழுத்தின் வடிவத்தையும், சாந்தில் ஒட்டிக் கிடந்த செடித் துணுக்குகளைச் சோதித்து 2003இல் வெளிவந்த ஆய்வையும் வைத்துத்தான் அவன் காலம் என்று சொல்கிறோம். பெயர் இல்லாததை ஒரு குறையாக நினைத்து, யாரும் கேட்காவிட்டால் நல்லது என்றே இருந்தவன் நான்.

“வெட்டியவன் எழுதியது, சார். ராஜா எழுதச் சொல்லியிருந்தால் முழக்கணக்கையா போடுவான்? நாங்களும் ஆழக்கணக்கைத்தான் முதலில் சொல்வோம். கூலியே அதற்குத்தானே.”

எழுதியவர்கள் வேலையாட்களாக இருக்கலாம் என்பதை நானும் படித்திருக்கிறேன். கூலிக் கணக்கை நான் படித்த எதிலும் பார்த்ததில்லை.

2023 அக்டோபரில் போர் தொடங்கியதும் எங்கள் பயணம் நின்றுபோனது. கட்டிய முன்பணத்தில் ஒரு பகுதி இன்னும் ஏஜெண்டிடமிருந்து வரவில்லை; அது தனிப் புராணம். சனிக்கிழமை வகுப்பு மட்டும் நடக்கிறது. சென்ற விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அவரை அழைத்தேன். பிரசங்கமெல்லாம் வராது என்றார். பிள்ளைகளில் பாதிப் பேரை ஆலயத்தின் பழைய சுவருக்கு உள்ளேயும் பாதிப் பேரை வெளியேயும் நிறுத்தினார். உள்ளே இருந்தவர்களின் கண்ணைக் கட்டிக் காதைச் சுவரில் வைக்கச் சொன்னார். வெளியே ஒரு பையன் கல்லால் தட்ட வேண்டும். தட்டுகிற இடத்துக்கு நேரே இவர்கள் கையை வைக்க வேண்டும். பத்துக் கைகளும் பத்து இடத்தில் இருந்தன. “இன்னொரு தடவை, இன்னொரு தடவை” என்று கத்தினார்கள். சுண்ணாம்பு உதிர்வதைக் கண்டு சபைச் செயலாளர் ஓடி வந்தார். அதற்குள் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சரியான இடத்தில் கையை வைத்துவிட்டாள்.