தையல் மேசையில் எண்கள்

நவம்பர் 17, 2025, திங்கள்

மகளின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இன்று நான் எடுத்துக்கொண்டேன். அவள் படித்து முடித்த பாடம்தான், ‘எண்களும் தொடர்வரிசைகளும்’. பதினாறாம் வாய்ப்பாட்டை இன்றைக்கும் தலைகீழாகச் சொல்வேன். ஆனால் பள்ளியில் ஏன் என்று கேட்டதில்லை, கேட்கவும் விட்டதில்லை. அந்த ஏக்கம் இருபத்தைந்து வருடமாக டேப்பைக் கையில் பிடித்தபோதெல்லாம் உள்ளே கிடந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவர் பாட்டியிடம் கேட்ட பின்ன வாய்ப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கால், அரைக்கால், மாகாணி. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. பேர் ஏன் அப்படி? மா என்பது 1/20, காணி என்பது 1/80. தாளில் கூட்டினேன்: 4/80 + 1/80 = 5/80. அதாவது 1/16! மாவும் காணியும் சேர்ந்ததுதான் மாகாணி. பேருக்குள்ளேயே கணக்கைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 20, வியாழன்

மீப்பெரு பொது வகுத்தி, அதாவது இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப்பெரிய எண். பள்ளியில் காரணிகளாகப் பிரித்து, பொதுவானதைப் பெருக்கு என்பார்கள். பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் வழி வேறு. பெரியதைச் சின்னதால் வகு, மீதியை எடு, சின்னதை அந்த மீதியால் வகு, மீதி இல்லாமல் போகும்வரை விடாதே.

252, 105 என்று இரண்டு எண் எடுத்தேன். எண்ணாகப் பார்த்தால் பிடிபடவில்லை. அப்புறம் லைனிங் துணியில் 252 செ.மீ. நீளம், 105 அகலம் அளந்து, மேசையில் விரித்துச் சாக்கால் கோடு போட்டேன். 105-க்கு 105 சதுரமாக இரண்டு வந்தது, 42 அகலத்தில் ஒரு பட்டை மிச்சம். அந்தப் பட்டையில் 42 சதுரம் இரண்டு. மிச்சம் 42-க்கு 21. அதில் 21 சதுரம் சரியாக இரண்டு, ஒரு நூல்கூட மீதியில்லை. 21-தான் விடை. முழுத் துணியையும் துண்டு விழாமல் சமசதுரமாக வெட்ட முடிகிற மிகப்பெரிய அளவு அது. வெட்ட மனம் வரவில்லை, கோட்டோடு மடித்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 29, சனி

பகா எண்கள் முடிவதே இல்லை என்பதற்கும் யூக்ளிட் காரணம் சொல்லியிருக்கிறார். தெரிந்த பகா எண்களையெல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டு. வருகிற எண்ணை அவற்றில் எதனால் வகுத்தாலும் ஒன்று மீதி வரும். ஆகவே பட்டியலில் இல்லாத ஒரு பகா எண் எங்கோ இருந்தே ஆகவேண்டும்.

2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031. இதுவே பகா எண் என்று நினைத்துவிட்டேன். சந்தேகம் வந்து, பிளவுஸுக்குக் கொக்கி கட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தேன். 17 இல்லை, 19 இல்லை, 23 இல்லை... 53-ம் இல்லை. பதினோராவதாக 59. மீதியில்லாமல் போயிற்று! 30031 = 59 × 509. யூக்ளிட் சொன்னது பொய்யாகவில்லை. வந்த எண் பகா எண்ணாக இருக்கவேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை, அதை வகுக்கிற பகா எண் புதியதாக இருக்கும் என்றுதான் சொன்னார். 59-ம் புதியது, 509-ம் புதியது. இந்த இடத்தைத்தான் நான் தவறாகப் படித்திருக்கிறேன்.

டிசம்பர் 22, திங்கள்

ராமானுஜன் பிறந்தநாள். 1887-இல் அன்று என்ன கிழமை? புதிதாகப் படித்த மட்டு எண்கணிதத்தில், அதாவது மீதியை மட்டும் பார்க்கிற கணக்கில், போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு 365 நாள், 7-ஆல் வகுத்தால் மீதி 1. 138 வருடத்துக்கு 138. நடுவில் லீப் வருடங்கள் 34, ஏனென்றால் 1900 லீப் வருடம் கிடையாது. ஆக 172, ஏழால் வகுத்தால் மீதி 4. திங்களிலிருந்து நான்கு நாள் பின்னால் போனால் வியாழன். மகள் போனில் பார்த்துவிட்டு, “வியாழன்தான்மா” என்றாள்.

டிசம்பர் 26, வெள்ளி

கணித அறிஞர் எஸ். எஸ். பிள்ளை 1901-இல் பிறந்தது செங்கோட்டைப் பக்கம் வல்லத்தில். தென்காசிக்காரி எனக்கு இத்தனை வருடம் இது தெரியாமல் போயிற்றே! எத்தனை முறை அந்த ஊர் வழியாகப் போயிருக்கிறேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். 1950-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துவிட்டார். 49 வயதுதான்.

எந்த முழு எண்ணையும் ஆறாம் அடுக்கு எண்களின் (ஒரே எண்ணை ஆறு முறை எழுதிப் பெருக்கினால் வருவது) கூட்டலாக எழுத அதிகபட்சம் 73 போதும் என்று 1940-இல் அவர் நிறுவினார். நிரூபணம் எனக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆனால் 73-க்குக் குறைந்தால் ஏன் போதாது என்பதை நானே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். 1, 64, அடுத்தது 729. அப்படியானால் 729-க்குக் கீழே 1-ம் 64-ம் மட்டும்தான் கைவசம். 703-ஐ எடுத்தேன். 64 பத்துமுறை 640. பதினோராவது முறை போட்டால் 704, ஒன்று கூடிவிடுகிறது. மிச்சம் 63-ஐ ஒன்று ஒன்றாகத்தான் கட்டவேண்டும்.

பட்டன் டப்பாவைக் கவிழ்த்தேன். பெரிய கோட் பட்டன் பத்து, சட்டைப் பட்டன் அறுபத்து மூன்று. மேசையில் வரிசையாக வைத்து, மகளைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். எழுபத்து மூன்று.